அக்கா, தம்பி, அட்டைத் தட்டு

புனேயில் கோத்ரூட் பக்கம் இருக்கிறது என் அக்கா வீடு. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அங்கே டேப்லெட் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். பெரியவளுக்கு வயது பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. புனேயிலேயே பிறந்து வளர்ந்ததால் அவன் அக்காவை மராத்திப் பிள்ளைகளைப் போல 'தாயி' என்றுதான் கூப்பிடுவான். ஊரிலிருந்து வரும் பாட்டிக்கு அது 'தாயே' என்று காதில் விழும். பேரனுக்கு என்ன பக்தி என்று பூரித்துப்போவார்.

அவர்கள் விடாமல் பார்ப்பது ஓர் அனிமேஷன் தொடர். அதிலும் ஓர் அக்கா, ஒரு தம்பி. வாரம் ஓர் இயந்திரம் செய்வார்கள். துணி மடிக்கும் பெட்டி, பள்ளிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும் நாற்காலி, பறக்கும் சைக்கிள். இரண்டாம் நிமிடத்தில் யோசனை வரும், ஐந்தாம் நிமிடத்தில் ஸ்பேனர் சுழலும், எட்டாம் நிமிடத்தில் இயந்திரம் ஓடும். ஒரு திருகாணிகூட இவர்களிடம் கட்டிலுக்கடியில் உருண்டு தொலைந்துபோகாது. எனக்கு இந்தத் தொடர்களின் மேல் இருக்கும் ஒரே மனத்தாங்கல் அதுதான்.

"மாமா, அந்த சைக்கிள் நிஜமா பறக்குமா?" என்றான் சின்னவன்.

பெரியவள் திரையைத் தட்டி நிறுத்தினாள். "சைக்கிளை விடுடா. அந்தப் பையனே ஓடல, பாரு. எல்லாம் நின்னுட்டிருக்கிற படம். நின்னுட்டிருக்கிறது எப்படி மாமா ஓடுது?"

பள்ளியில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். ஒரு படம் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணில் தங்கும், அதற்குள் அடுத்த படம் வந்துவிடும், பார்வை நிலைப்பு என்று பெயர். அவள் விடவில்லை. "தங்குச்சுன்னா பழைய படம் மேல புதுப் படம் ஒட்டிக்காதா? பத்து படம் சேர்ந்தா குழம்பிடாதா?"

குழம்பத்தான் வேண்டும். பாடப்புத்தகத்தின் பாதி உண்மையை ஒரே கேள்வியில் ஓட்டை போட்டுவிட்டாள்.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக் கொளுத்திச் சுழற்றினால் காற்றில் ஒரு வட்டம் தெரிகிறதே, பார்வை நிலைப்பு என்பது அதுதான். ஒளி போன பிறகும் அதன் தடம் கணநேரம் கண்ணில் நிற்கிறது. ஆனால் அங்கே நடப்பது என்ன? ஓடுகிற ஒரு பொறி, நிற்கிற ஒரு வளையமாகத் தெரிகிறது. கார்ட்டூனில் நடப்பது இதற்கு நேர் எதிர்: நிற்கிற படங்கள் ஓடுவதாகத் தெரிகின்றன. ஒரே காரணத்தைச் சொல்லி இரண்டையும் விளக்க முடியாது.

வாயால் சொல்வதைவிடச் செய்துகாட்டுவது நல்லது என்று மறுநாள் அப்பா பல்வந்த் சௌக் கடைத்தெருவில் தடிமனான அட்டை வாங்கிவந்தோம். 20 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டத்தை வெட்டி, விளிம்பில் 3 மி.மீ. அகலத்தில் பன்னிரண்டு கீறல் போட்டோம். ஒவ்வொரு கீறலுக்கும் கீழே ஒரு தவளை. முதலில் உட்கார்ந்திருக்கிறது, பிறகு காலை மடக்குகிறது, எழும்புகிறது, தாவுகிறது, இறங்குகிறது, மறுபடி உட்காருகிறது. நடுவில் குண்டூசி குத்தி ஒரு பென்சிலின் பின்பக்க ரப்பரில் செருகினால் தட்டு தயார். படம் இருக்கும் பக்கத்தைக் கண்ணாடிக்குக் காட்டி, தட்டைச் சுழற்றிவிட்டு, பின்னாலிருந்து கீறல் வழியாகக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். 1832இல் பிரஸ்ஸல்ஸில் ஜோசப் பிளாட்டோ செய்த பொம்மை இது. ஏறக்குறைய அதே நேரத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ஃபரும் இதையே தனியாகக் கண்டுபிடித்தார். பிளாட்டோ 1843இல் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் இருட்டிலேயே ஆய்வு செய்தார்.

எங்கள் தட்டு முதல் தடவை ஓடவில்லை. குளியலறைக் கண்ணாடியில் வெறும் சாம்பல் நிற மூட்டம்தான் தெரிந்தது. சின்னவன் முகம் தொங்கிப்போயிற்று; அவனுடைய தொடரில் இப்படி நடப்பதில்லை அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். தட்டின் சுற்றளவு சுமார் 628 மி.மீ. நொடிக்கு ஒரு சுற்று என்றால் 3 மி.மீ. கீறல் கண்ணைக் கடக்க ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குதான் ஆகும். பன்னிரண்டு கீறல்களையும் சேர்த்தாலும் நூற்றில் ஆறு பங்கு நேரமே கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மிச்ச தொண்ணூற்று நான்கு பங்கும் அட்டையின் முதுகுதான். குளியலறை விளக்கு இதற்கு எந்த மூலைக்கு? கண்ணாடியைப் பால்கனிக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்தோம். தவளை தாவியது.

கீறல் எதற்கு என்று பெரியவள் கேட்டாள். தட்டுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டு தவளையும் கரைந்து பச்சைப் பட்டையாகிவிட்டன. மத்தாப்பு வட்டத்தின் இன்னொரு வடிவம் அது. அவள் சொன்ன குழப்பமும் அதுவே. கீறல் அந்தக் குழப்பத்தை வெட்டுகிறது. நொடியின் அந்த இருநூறில் ஒரு பங்கில் தவளை 2 மி.மீ. மட்டுமே நகர்கிறது என்பதால் அநேகமாக நின்ற படம் போலவே தெரிகிறது. பிறகு இருட்டு, பிறகு அடுத்த படம். அப்படியென்றால் படத்தை ஓட வைப்பதில் பார்வை நிலைப்பு உதவியாளன்கூட இல்லை, இடைஞ்சல். அதன் கையைக் கட்டிப்போட்டால்தான் தவளை தாவுகிறது. இருட்டுத் தெரியாமல் படம் தொடர்ச்சியாக இருப்பதுபோல் காட்டுவது மட்டும்தான் அதன் பங்கு.

பிறகு யார் ஓட்டுகிறார்கள்? மூளை. மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் ஃபிராங்க்ஃபர்ட்டில் செய்து 1912இல் வெளியிட்ட சோதனைகள் இதைக் காட்டின. பக்கம் பக்கமாக இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டினார். இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று தெரிந்தது. முப்பதில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றாக எரிவதுபோல் இருந்தது. நடுவில், சுமார் 60 மில்லி நொடியில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எதுவும் நகரவில்லை. நகர்ந்திருக்க வேண்டும் என்று மூளை முடிவுகட்டி, நகர்ந்ததாகவே காட்டிவிடுகிறது.

அசைவைப் பார்ப்பதற்கென்றே மூளையின் பின்பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. அது பழுதான ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். நிறம், வடிவம், முகம் எல்லாம் அவருக்குத் தெரிந்தன. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்த தூணாக நிற்கும், கோப்பை எப்போது நிரம்பியது என்று தெரியாமல் வழிந்துவிடும். கண்ணில் படம் தங்குவது அவருக்கும் நடந்திருக்கும். தங்கி என்ன பயன்?

சின்னவன் ஆர்வக்கோளாறில் தானே ஒரு தட்டு செய்தான். தவளையை எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டான். பன்னிரண்டு கீறல், பதினொரு தவளை. சுழற்றினால் அவன் தவளைகள் இருந்த இடத்தில் தாவாமல், தட்டு சுற்றும் திசைக்கு எதிராக ஊர்வலம் போயின. ஒவ்வொரு கீறல் வரும்போதும் தவளை தன் இடத்துக்குக் கொஞ்சம் வந்துசேராமல் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலையும் மூளை ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதும் இதனால்தான். தப்பாகச் செய்த தட்டுதான் அன்று வீட்டில் அதிகம் சுற்றப்பட்டது.

இந்த வித்தைக்கு மகாராஷ்டிரம் அந்நியமான மண் இல்லை. நாசிக் பக்கத்து திரியம்பகேஷ்வரில் பிறந்த தாதாசாகேப் பால்கே, 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிடுவதற்கு முன்பு, பணம் போடுபவர்களை நம்பவைக்க ஒரு குட்டிப் படம் எடுத்தார். தொட்டியில் ஒரு பட்டாணி முளைத்துக் கொடியாகும் கதை. கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்து, கொஞ்ச நேரத்தில் செடி கிடுகிடுவென வளரக் காட்டினார். 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி 'ஆக்காட்யாஞ்சீ மௌஜ்', அதாவது தீக்குச்சிகளின் கும்மாளம், என்ற படத்தையும் எடுத்தார். இன்று அது கிடைப்பதில்லை. பிரபாத் ஃபிலிம் கம்பெனி 1933இல் கோல்ஹாபூரிலிருந்து புனேக்கு இடம்பெயர்ந்தது; அடுத்த ஆண்டே 'ஜம்பு காகா' என்ற கார்ட்டூனைக் கொண்டுவந்தது. வடமொழியில் ஜம்புகம் என்றால் நரி. நரிச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாம். அதே 1934இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் வெளியிட்ட கார்ட்டூனின் பெயர் 'தி பீ பிரதர்ஸ்', பட்டாணிச் சகோதரர்கள். நம் நாட்டு அனிமேஷனின் தொடக்கத்தில் பட்டாணி ஏன் இப்படி உருண்டுகொண்டே இருக்கிறது என்று தெரியவில்லை. பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில்தான் 1960 முதல் திரைப்படக் கல்லூரி நடக்கிறது. தூர்தர்ஷன் காலத்து ஆள்களுக்கு இன்னொரு அக்கா தம்பியும் நினைவிருக்கும்: 1974இல் விஜயா முளே எடுத்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. 'அனேக்' என்றால் என்ன என்று தம்பி கேட்பான், அக்கா விளக்குவாள். அந்த அக்கா இயந்திரம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் ஐம்பது வருடமாக ஓடுகிறாள்.

பால்கேயின் தீக்குச்சியைப் புனேயில் வேலை பார்த்த இன்னொருவர் வேறு விதமாகக் கையில் எடுத்தார். அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பொறியியல் முடித்தவர். டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலை. 1978இல் ஓராண்டு விடுப்பில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக்குப் போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் செய்முறை வழியாக அறிவியல் சொல்லித்தரும் திட்டம் ஒன்று 1972 முதல் நடந்துவந்தது. வாரச் சந்தையில் சைக்கிள் வால்வ் டியூப் விற்பதைப் பார்த்து வாங்கினார். இரண்டு செ.மீ. துண்டாக நறுக்கி இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மடங்குகிற ஒரு மூட்டு கிடைத்தது. டியூபின் நடுவே முள்ளால் குத்தி இன்னொரு டியூபைக் கோத்தால் மூன்று, நான்கு குச்சிகள் சேரும் மூட்டு. காசு போட்டு வாங்கும் கட்டுமானப் பொம்மைப் பெட்டிக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டி போதும் என்றாயிற்று. பின்னர் அது புத்தகமாக வந்து பல இந்திய மொழிகளுக்குப் போயிற்று.

எங்கள் வீட்டில் இதைச் செய்வதில் ஒரு சிக்கல். இப்போது வரும் மெழுகுக் குச்சிகள் டியூபில் நுழையும்போதே வளைந்துவிடுகின்றன. சிவகாசி மரக்குச்சிப் பெட்டியாகப் பார்த்துத் தேட வேண்டியிருந்தது. வால்வ் டியூபுக்கு மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கினோம். கிடைத்ததும் சதுரம் ஒன்று செய்தார்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்து சப்பையாகிறது. முக்கோணம் செய்து தள்ளினால் அசையவில்லை. மூன்று பக்கத்தின் நீளம் உறுதியானால் கோணங்களும் உறுதியாகிவிடும், நான்கு பக்கத்துக்கு அப்படி இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்ததும் அது நிமிர்ந்து நின்றது. "அதான் அந்தக் கிரேன்ல எல்லாம் குறுக்குக் கம்பி!" என்று பெரியவள் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். அடுக்குமாடிகள் எழும்பும் கோத்ரூட்டில் கிரேனுக்கா பஞ்சம்?

குப்தா 2003 முதல் 2014 வரை கணேஷ்கிண்டில், பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஐயூக்காவின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் இருந்தார். ஐயூக்கா என்பது ஜெயந்த் நார்லிகர் 1988இல் தொடங்கிய வானியல் ஆய்வு மையம். அங்கே கருந்துளைக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம்; பழைய சி.டி., உறிஞ்சுகுழல், செய்தித்தாள், சட்டைப் பொத்தான்களோடு பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். பிள்ளைகளின் கட்டிடத்துக்குப் பெயர் 'புலஸ்த்ய'. மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே நினைவாக அவர் மனைவி சுனிதாபாய் தந்த நிதியில் வந்தது. சப்தரிஷி மண்டலத்தில் ஒரு நட்சத்திரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. பெயர் வைத்தவருக்கு நல்ல குறும்பு. அந்த மையத்துக் குழு பொம்மைகள் செய்வதை ஓரிரு நிமிடப் படங்களாக எடுத்து இலவசமாக இணையத்தில் போட்டது, தமிழிலும் பேசுகின்றன. அந்தப் படங்களில் கதை இல்லை, பாத்திரம் இல்லை. இரண்டு கைகள் மட்டும். 2018இல் குப்தாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தீக்குச்சி மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பிள்ளைகள் பார்க்கும் தொடரை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தம்பி கை ஆட்டும்போது தோள் முதல் முழங்கை வரை ஒரு துண்டு, முழங்கை முதல் மணிக்கட்டு வரை இன்னொரு துண்டு. வடிவம் மாறுவதில்லை, மூட்டில்தான் திரும்புகிறது. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் பத்து நிமிடப் பகுதிக்கு 7200 படம் வேண்டும். அத்தனையும் கையால் வரைந்தால் கட்டுப்படியாகாது. அதனால் பாத்திரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, கணினியில் மூட்டு வைத்துக் கோத்துவிடுகிறார்கள். கை மேலே இருக்கும் நிலை ஒன்று, கீழே இருக்கும் நிலை ஒன்று கொடுத்தால் இடையில் உள்ளதைக் கணினி நிரப்பிக்கொள்ளும். நம் தோல்பாவைக் கூத்தில் ராமனுக்கும் அனுமனுக்கும் தோளிலும் முழங்கையிலும் நூல் கோத்து ஆட்டுகிறார்களே, அதே உத்தி. தமிழ்நாட்டில் அந்தக் கூத்தை ஆடும் குடும்பங்கள் மேடையில் தமிழ் பேசினாலும் வீட்டில் பேசுவது மராத்தி. மராட்டிய அரசர்கள் காலத்தில் தஞ்சைப் பக்கம் வந்தவர்கள். புனேயில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம உல்ட்டாவா?" என்றான் சின்னவன்.

மூட்டு ஆடினால் மட்டும் உயிர் வந்துவிடாது என்பது அடுத்த நாள் புரிந்தது. சின்ன நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு பந்து விழுவதை வரைந்து, பக்கங்களைச் சரசரவெனப் புரட்டிப் பார்த்தார்கள். பந்து இறங்கியது, விழவில்லை. கயிற்றில் கட்டி இறக்கிய வாளி மாதிரி இருந்தது. பக்கத்துக்கு ஒரு செ.மீ. என்று சம இடைவெளியில் வரைந்திருந்தார்கள். 2, 6, 10, 14, 18 மி.மீ. என்று இடைவெளி விட்டு வரையச் சொன்னேன். மொத்தம் அதே 5 செ.மீ.தான், அதே ஐந்து தாவல்தான். புரட்டியதும் பந்து 'தொப்'பென்று விழுந்தது. சத்தம்கூடக் கேட்டதாகச் சின்னவன் சாதிக்கிறான். 1, 3, 5, 7, 9 என்ற இந்த ஒற்றைப்படை வரிசை கலிலியோ கண்டது: விழும் பொருள் சம நேரத் துண்டுகளில் கடக்கும் தூரம் இந்த விகிதத்தில்தான் கூடும். நல்ல அனிமேஷன் கலைஞருக்கு இது விரல்நுனியில் இருக்கும். கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், படத்துக்குப் படம் இடைவெளியில் புளுகினால் எட்டு வயதுப் பிள்ளையின் மூளையே ஏற்காது.

சைக்கிள் பாக்கி இருந்தது. அதற்கு வேறொரு வீட்டுப் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். 1878இல் அமெரிக்காவில் ஓர் அப்பா தன் மகன்களுக்கு ஒரு பொம்மை வாங்கிவந்தார். மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிவிட ரப்பர் பட்டை. கைவிட்டதும் கூரைக்குப் பறக்கும். மூத்தவன் வில்பருக்குப் பதினொன்று, இளையவன் ஆர்வில்லுக்கு ஏழு. பொம்மை உடைந்ததும் தாங்களே செய்தார்கள், பறந்தது. பெரிதாகச் செய்தால் இன்னும் நன்றாகப் பறக்கும் என்று இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாக ஆக ஆகப் பறக்க மறுத்தது. நீளத்தை இரட்டித்தால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்கு ஆகும், எடையோ எட்டு மடங்கு ஆகிவிடும் என்பது அந்த வயதில் ரைட் சகோதரர்களுக்குத் தெரியாது. டேப்லெட் தொடரில் வரும் அக்காவும் தம்பியும் எதையும் பெரிதாக்கித்தான் வெற்றி பெறுகிறார்கள். அங்கே எடை எட்டு மடங்கு ஆவதே இல்லை.

"அப்போ பறக்காதா?"

"மிதிக்கிற கால் பலத்துக்கு அந்தக் குட்டி இறக்கை போதாதுடா."

கொஞ்ச நேரம் யோசித்தான். நோட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். கீழே சைக்கிள், அதில் ஒரு பையன். ஸ்கேல் வைத்து அளந்து பக்கத்துக்குப் பக்கம் மேலே ஏற்றினான்: 18, 14, 10, 6, 2. பெரியவள் எட்டிப் பார்த்தாள். "டேய், அது தூக்கிப் போட்ட பந்து. இப்படி வரைஞ்சா மேல போய் நின்னு திரும்பி விழுந்துடும்."

"விழாது தாயி."

"ஏன் விழாது?"

நோட்டைத் திருப்பிக் காட்டினான். பக்கம் தீர்ந்துபோயிருந்தது.